மூட்டம்

“ஒரே மூட்டமா இருக்குக்கா.”

தங்கச்சி இதைச் சொன்னது கார்த்திகை பிறந்த வாரத்தில், ஒரு திங்கட்கிழமை மத்தியானம். முந்தின நாள் மழையில் எங்கேயோ மரம் விழுந்து கரண்ட் இல்லை. கரண்ட் இல்லையென்றால் எனக்கு வேலையும் இல்லை. அவள் ஜன்னலோரக் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். நான் கீழே உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். “கார்த்திகையில மூட்டம் இல்லாம வெயிலா கொளுத்தும்?” என்று சொல்லிவிட்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தேன். தலை நிமிரவில்லை. கோத்தகிரியில் பிறந்து வளர்ந்தவளுக்கு மூட்டத்தில் நிமிர்ந்து பார்க்க என்ன இருக்கிறது?

அவளுக்கு அப்போது 33-வது வாரம். தலைப்பிரசவம். அந்த நேரத்தில் வெளியே மூட்டம் இருந்ததா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டு வருஷமாக இதைப் பற்றி எழுத வேண்டும் என்று உட்கார்ந்து, நாலு வரி எழுதி, அழித்துவிட்டு எழுந்து போயிருக்கிறேன். எழுதினால் அம்மாவைக் குறை சொல்வதுபோல ஆகிவிடுமோ என்று ஒரு தயக்கம். உண்மையில் அம்மாவை விட எனக்குத்தான் இதில் பங்கு அதிகம். ஏன் என்று சொல்கிறேன்.

நான் பஜாரில் ஒரு இ-சேவை மையத்தில் உட்கார்ந்திருக்கிறவள். சாதிச் சான்றிதழ், பட்டா, ஆதார் திருத்தம் இவற்றோடு கர்ப்பிணிகளுக்குப் பிக்மி என்கிற அரசுப் பதிவும் செய்து கொடுப்போம். அந்த 12 இலக்க எண் இல்லாவிட்டால் நாளைக்குப் பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்க அலைய வேண்டும். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்து 18,000 ரூபாயும் அந்த எண்ணில்தான் தொங்குகிறது. வருகிற பெண் கடைசி மாதவிலக்குத் தேதியைச் சொன்னதுமே, அதோடு ஏழு நாளைக் கூட்டி மூன்று மாதம் பின்னால் போய்ப் பிரசவத் தேதியை மனசுக்குள் போட்டுவிடுவேன். அது மட்டுமா, கிராம சுகாதார செவிலியர் ஒருமுறை ‘கர்ப்ப கால அபாய அறிகுறிகள்’ என்று ஒரு தாளைக் கொண்டுவந்து நூறு காப்பி எடுத்துப்போனார். ஒரு நகல் சரியாக விழாமல் என் மேஜையிலேயே தங்கிவிட்டது. அதன் பின்பக்கத்தில் மாதக்கணக்காக வரவு செலவு எழுதியிருக்கிறேன். முன்பக்கம் மனப்பாடம்: தீராத தலைவலி, கண் மங்கல், முகம் கை வீக்கம், மேல்வயிற்று வலி, வலிப்பு, ரத்தப்போக்கு, நீர் கசிவு, குழந்தை அசைவு குறைதல், காய்ச்சல், மூச்சுத் திணறல்.

ஆக, எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது.

குளிர் என்கிற பதில்

வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். மாப்பிள்ளைக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. சனி ஞாயிறு வந்து பார்த்துவிட்டுப் போவார். வந்த பத்தாம் நாளே கால் வீங்க ஆரம்பித்தது. அம்மா பார்லியை வறுத்துக் கொதிக்கவைத்து மூன்று வேளையும் கொடுத்தாள். “நீர் கோத்திருக்கு, எறங்கிரும்.” உப்பைக் குறைத்தாள். கர்ப்பிணிகளில் நிறையப் பேருக்குக் கால் வீங்கத்தான் செய்யும். சாயங்காலம் வீங்கி, படுத்து எழுந்தால் வற்றிவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை. அம்மா சொன்னது அந்த அளவில் தப்பில்லை. ஆனால் இவளுக்குக் காலையில் எழும்போதே முகம் உப்பியிருந்தது. கண்ணுக்குக் கீழே பை கட்டியதுபோல. அதைப் பார்த்து நாங்கள் என்ன சொன்னோம் தெரியுமா? “தாய்வீட்டுச் சோறு முகத்துல தெரியுது” என்றாள் பக்கத்து லயத்து (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை) அத்தை. “பொம்பளப் புள்ளதான், ஆத்தாக்காரி அழகாயிட்டா” என்றாள் இன்னொருத்தி. மாப்பிள்ளை வீடியோ காலில் பார்த்து “என்னா குண்டாயிட்ட?” என்று சிரித்தார். எல்லோரும் சந்தோஷமாக இருந்தோம்.

இடையில் ஒரு தனியார் கிளினிக்கில் ஸ்கேன் எடுத்தோம். ஸ்கேனில் பிள்ளை நன்றாக இருந்தது. பணம் கட்டி, படம் வாங்கி, கவரில் போட்டுக்கொண்டு வந்துவிட்டோம். அன்றைக்கு அங்கே அவளுக்கு பிரஷர் யாரும் பார்க்கவில்லை. பாருங்கள் என்று நாங்களும் கேட்கவில்லை. பிள்ளையைப் பார்த்தாயிற்று, அப்புறம் என்ன என்ற நினைப்பு.

ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்தாள். ராத்திரி தலைவலி. காரணம் கையிலேயே இருந்தது: “ஈரத்தலையோட வாசல்ல நின்னா பனி எறங்காம என்ன செய்யும்?” எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் தைல பாட்டில் இல்லாமல் இருக்காது. நீலகிரித் தைலத்தைச் சுடுதண்ணீரில் விட்டு ஆவி பிடிக்கவைத்தோம். பிறகு நெற்றியில் நான்தான் தேய்த்துவிட்டேன். நெற்றியும் உப்பியிருந்தது, விரல் அழுந்தியது. அழுந்திய இடம் மேலே வர நேரமானது. தேய்த்துக்கொண்டேதான் இருந்தேன். தலையைச் சுற்றி மஃப்ளர் கட்டிப் படுக்கவைத்தோம். ஒரு பாராசிட்டமால் போட்டாள். வலி குறையவில்லை. திங்கட்கிழமை மறுபடி தைலம். அன்றைக்குத்தான் மூட்டம் என்றாள். செவ்வாய்க்கிழமை மேல்வயிற்றில், வலது பக்க விலாவுக்குக் கீழே, பிடித்து வலிக்கிறது என்றாள், வாந்தி எடுத்தாள். கேஸ் என்று ஓமத்தண்ணீர் கொடுத்தோம்.

அம்மா செய்த எதுவும் அவளுக்குக் கெடுதல் செய்யவில்லை. அவள் கொடுத்த விதத்தில் பார்லித் தண்ணீரும் ஓமமும் தைலமும் யாரையும் கொல்லாது. கஷ்டம் வேறு இடத்தில். ஒவ்வொன்றுக்கும் பதில் தயாராக இருந்தது, பதில் கிடைத்த பிறகு யாரும் கேள்வியைத் தொடர மாட்டோம். சமவெளியில் இருக்கிறவர்களுக்கு இது அவ்வளவாகத் தெரியாது. இங்கே மேடு ஏறினால் மூச்சு வாங்கும். ஆகவே மூச்சு வாங்கினால் மேடு காரணம். குளிருக்கு அடிக்கடி ஒன்றுக்குப் போக வேண்டும். ஆகவே துணி நனைந்திருந்தால் குளிர் காரணம், பனிக்குடம் கசிகிறதா என்ற நினைப்பே வராது. (பனிக்குடம் என்ற சொல்லிலேயே பனி இருப்பதைக் கவனித்தீர்களா? எங்களுக்குச் சாக்குக் கிடைக்க மொழியும் ஒத்துழைக்கிறது.) குளிரில் தோல் வறண்டு அரிக்கும், ஆகவே கடைசி மாதங்களில் உள்ளங்கையும் உள்ளங்காலும் ராத்திரியெல்லாம் அரித்தால் தேங்காய் எண்ணெய். தடிப்பு எதுவும் இல்லாத அந்த அரிப்பு ஈரல் கோளாறாக இருக்கலாம், ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று யார் நினைப்பார்கள்? வயிற்றுப் பிள்ளை அசையாவிட்டால்கூட “குளிருக்குச் சுருண்டு கெடக்கு” என்று சொன்ன ஒரு கிழவியை எனக்குத் தெரியும். கடைசி மாதத்தில் இடம் பத்தாமல் அசைவு குறையும் என்று படித்தவர்களும் சொல்கிறார்கள். குறையக் கூடாது. உதைக்கிற விதம் மாறும்: பாய்ச்சலாக இருந்தது புரளலாகும். ஆனால் பிரசவ நேரம் வரைக்கும் அசைவு இருந்துகொண்டுதான் இருக்க வேண்டும். வழக்கத்தைவிடக் குறைந்தால் அன்றைக்கே போய்க் காட்ட வேண்டும், மறுநாள் காலையில் பார்ப்போம் என்று படுக்கக் கூடாது.

குளிரே நிஜக் காரணமாக இருக்கிற இடமும் உண்டு என்பதுதான் இதில் பெரிய சிக்கல். கூடலூர், பந்தலூர் பக்கம் ஆதிவாசி மக்களிடையே அரிவாள் செல் ரத்தசோகை இருக்கிறது. அவர்களுக்குக் குளிர் பட்டாலே கை கால் எலும்பில் தாங்க முடியாத வலி வரும். அந்தப் பெண் கர்ப்பமாகவும் இருந்தால் அது அவசர சிகிச்சைக்குப் போக வேண்டிய வலி. “குளிர்னாலதான்” என்பது அங்கே சரியான பதில். கம்பளியைப் போர்த்திவிட்டுச் சும்மா இருந்தால் மட்டும் தப்பாகிவிடும்.

எங்கள் ஆயா சிலோன் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பலேறி வந்த குடும்பம். அவள் அடிக்கடி சொல்லும் கதை ஒன்று: நிறைமாதக்காரி ஒருத்தி, கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவள், தலைவலி என்று சொல்லி உட்கார்ந்தாளாம். ராத்திரி பல்லைக் கிட்டிக்கொண்டு வெட்டி இழுத்ததாம். விடியவில்லை. “ஜன்னி கண்டு போயிட்டா” என்பாள் ஆயா. குளிர் ஜன்னி. மழையில் நனைந்த உடம்பு என்பாள். சின்ன வயதில் அந்தக் கதையைப் பேய்க்கதை மாதிரிக் கேட்டிருக்கிறேன். வலிப்புக்கு முன்னால் தலைவலி வந்தது என்பது கதையிலேயே இருக்கிறது. எங்கள் காதில்தான் விழவில்லை.

வளையல்

புதன்கிழமை தடுப்பூசி நாள். கீழ் லயத்தில் ஒரு குழந்தைக்கு ஊசி விடுபட்டுப் போனதென்று நர்ஸம்மா தேடிக்கொண்டு வந்தவர், மழை பிடித்ததால் எங்கள் வீட்டில் ஒதுங்கினார். எங்களைப் பார்க்க வரவில்லை. மழை பெய்யாதிருந்தால் நேராகப் போயிருப்பார். இதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

அம்மா டீ போட்டாள். தங்கச்சி எழுந்துபோய் டம்ளரை எடுத்து நர்ஸம்மா கையில் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டு, குடிக்காமல், அவளையே பார்த்தார்.

“என்னா புள்ள, வளையல் சத்தமே காணோம்?”

வளைகாப்பன்று அடுக்கிய கண்ணாடி வளையல் பிரசவம் வரைக்கும் கையில் கிடக்க வேண்டும், அந்தச் சத்தம் வயிற்றுப் பிள்ளைக்குக் கேட்கும் என்பார்கள். கை நிறைய பச்சையும் சிவப்புமாக, ரெண்டு-ஆறு சைஸ், லொடலொடவென்று போட்டுவிட்டோம். முதல் வாரம் அவள் நடந்தால் வீடே குலுங்கும். “ஸ்வெட்டர் கைக்குள்ள கெடக்குது, எப்படிச் சத்தம் வரும்?” என்றாள் அம்மா. பாருங்கள், இதற்கும் குளிர்தான் பதில்.

நர்ஸம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஸ்வெட்டர் கையை மேலே தள்ளினார். வளையல்கள் ஒன்றோடொன்று ஒட்டி மணிக்கட்டுக்கு மேலே சதையில் பதிந்து கிடந்தன. ஒன்றை விரலால் நகர்த்தப் பார்த்தார், நகரவில்லை. நகர்த்திய இடத்தில் தோலில் வெள்ளையாக ஒரு கோடு, வரிசையாகப் பள்ளம். தினமும் அந்தக் கையைப் பிடித்துத்தான் அவளைக் கட்டிலிலிருந்து தூக்கிவிட்டேன். ஸ்வெட்டருக்கு மேலே பிடித்தேன்.

பையிலிருந்து பிரஷர் மெஷினை எடுத்தார். 170/110. கொஞ்ச நேரம் இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து மறுபடி பார்த்தார். 170/112. ஒரு டம்ளரில் சிறுநீர் பிடித்துவரச் சொல்லிப் பட்டையை நனைத்தார். மஞ்சளாக இருந்த கட்டம் எங்கள் கண் முன்னால் பச்சையாகிக் கொண்டே போனது. அவர் குரலை உயர்த்தவே இல்லை. “தலைவலி இருக்கா?” “இருக்கு.” “எப்பலருந்து?” அம்மாதான் பதில் சொன்னாள்: “தலைக்குக் குளிச்சதுலருந்து.” நர்ஸம்மா அதற்கு ஒன்றும் சொல்லாமல் 108-க்கு போன் போட்டார்.

140/90 தொட்டாலே கர்ப்பிணிக்கு அதிகம். 160/110 என்பது அந்த நிமிஷமே மருந்து கொடுக்க வேண்டிய அளவு. இதை எனக்குப் பிற்பாடு ஒரு டாக்டர் பொறுமையாக விளக்கினார். நஞ்சுக்கொடி கர்ப்பப்பையில் வேர் பிடிக்கும்போதே ரத்தக் குழாய்கள் சரியாக விரியாமல் போவதில் கோளாறு ஆரம்பிக்கிறதாம். பிறகு நஞ்சுக்கொடியிலிருந்து கிளம்புகிற பொருட்கள் தாயின் ரத்தக் குழாய்களின் உள்சுவரைக் கெடுக்கின்றன. சிறுநீரகம் கெட்டால் புரதம் ஒழுகும், ஈரல் வீங்கினால் வலது விலாவுக்குக் கீழே வலிக்கும், மூளைக்குப் போனால் தலைவலி, கண்மங்கல், கடைசியில் வலிப்பு. நாங்கள் ஓமம், தைலம், பார்லி என்று மூன்று வியாதிக்கு மூன்று வைத்தியம் பார்த்தோம். மூன்றும் ஒரே வியாதி, ப்ரீஎக்ளாம்ப்சியா. பெரும்பாலும் 20 வாரத்துக்குப் பிறகு வருவது. முதல் பிரசவம், இரட்டைப் பிள்ளை, ஏற்கெனவே பிரஷர் அல்லது சர்க்கரை இருக்கிறவர்கள், அம்மாவுக்கோ அக்காவுக்கோ வந்திருக்கிறவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். ஆபத்து அதிகமுள்ளவர்களுக்குப் பன்னிரண்டாம் வாரத்துக்குப் பிறகே குறைந்த அளவு ஆஸ்பிரின் கொடுப்பார்கள். அது டாக்டர் சொல்லி ஆரம்பிக்க வேண்டியது, நாமாக வாங்கிப் போடுவது இல்லை.

இறக்கம்

பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் மெக்னீசியம் சல்பேட் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே இரண்டு பக்கமும் 5 கிராம் வீதம், வலிப்பு வராமல் தடுக்க. பிரஷருக்கும் மருந்து கொடுத்து கோயம்புத்தூருக்கு அனுப்பினார்கள். மேட்டுப்பாளையம் வரைக்கும் 33 கிலோமீட்டர் இறக்கம். மழையில் ரோட்டோரம் செம்மண் சரிந்து கிடந்தது. குஞ்சப்பனை தாண்டும்வரை மூட்டம், டிரைவர் மஞ்சள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தார். 2009 நவம்பர் மழையில் மலை சரிந்து ரோடுகள் அறுந்து கிடந்தது எனக்கு நினைவிருக்கிறது. அந்த மாதிரி நாளாக இருந்தால் என்ன செய்திருப்போம் என்று ஒவ்வொரு வளைவிலும் தோன்றியது. அந்த ஊசி போட்டால் உடம்பு தகிக்குமாம். வெளியே கை விறைக்கிற குளிரில் தங்கச்சி “எரியுதுக்கா, ஸ்வெட்டரக் கழட்டு, கழட்டு” என்று கெஞ்சிக்கொண்டே வந்தாள். மூன்று நாளாக அவளைக் கம்பளியால் சுற்றி வைத்திருந்த நான், ஆம்புலன்சில் ஒவ்வொன்றாக உரித்தேன்.

மருத்துவமனையில் கையில் ஊசி ஏற்ற வளையலைக் கழற்ற வேண்டும் என்றார்கள். சோப்புத் தண்ணீர் போட்டு, விரல்களைக் குவித்து, ஒவ்வொன்றாக இழுத்தார்கள். பாதிக்கு மேல் உடைந்தது. அம்மா ஸ்ட்ரெச்சருக்குக் கீழே குனிந்து துண்டுகளைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். பிள்ளை பிறக்குமுன் வளையல் உடைவது அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போது நினைக்க நேரமில்லை.

டியூட்டி டாக்டர், சின்னப் பெண், முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே கேட்டார்: “கண்ணு மங்கலா தெரிஞ்சுதாம்மா? புகை மாதிரி? பூச்சி பறக்குற மாதிரி?”

“திங்கக்கிழமையே சொன்னேன்” என்றாள் தங்கச்சி. யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. மேலே விட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்.

பிள்ளையின் நுரையீரல் பழுக்க 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நாலு ஊசி. ரத்தத்தில் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே வந்தன. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெண் பிள்ளை, 1 கிலோ 600. அத்தை சொன்னது அதில் மட்டும் பலித்தது. பத்தொன்பது நாள் உள்ளே வைத்திருந்தார்கள். அம்மாவும் தங்கச்சியும் மாறி மாறி மாரோடு அணைத்து வைத்துக்கொண்டார்கள்.

பிள்ளை பிறந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னார்கள். டாக்டர் விடவில்லை. பிரசவத்துக்குப் பிறகு மூன்றிலிருந்து ஆறாம் நாளுக்குள்தான் பிரஷர் மறுபடி ஏறும், வலிப்பு பிரசவம் முடிந்தும் வரலாம் என்று தினமும் பார்க்கவைத்தார். வீட்டுக்கு வந்த பிறகு தலைவலி என்றால் தூக்கமின்மை என்று நினைத்துவிடாதீர்கள் என்று என்னைக் கூப்பிட்டுத் தனியாகச் சொன்னார். எதனால் என்னிடம் சொன்னார் என்று எனக்குப் புரிந்தது.

எத்தனை நாள் தீராவிட்டால் ‘தீராத’?

திரும்பி வந்து அந்தக் காப்பித் தாளை எடுத்துப் பார்த்தேன். ‘தீராத தலைவலி.’ எத்தனை நாள் தீராமலிருந்தால் அது தீராத தலைவலி? எனக்குத் தெரிந்த தமிழில் தீராத என்றால் வருஷக்கணக்கு: தீராத கடன், தீராத பகை. மூன்று நாள் தலைவலியை அந்தச் சொல்லில் நான் எப்படிப் பொருத்துவேன்? நர்ஸம்மாவிடம் கேட்டபோது அவர் சொன்ன கணக்கு வேறு: அஞ்சு மாதத்துக்கு மேலே ஆன கர்ப்பிணிக்கு ஒரு பாராசிட்டமாலில் போகாத தலைவலி, அல்லது கண்ணோ வயிறோ சேர்ந்து தொந்தரவு செய்கிற தலைவலி, எதுவானாலும் அன்றைக்கே பிரஷர் பார்க்க வேண்டும். அதைத் தாளில் அப்படியே போட்டால் என்ன? ‘முகம், கை வீக்கம்’ என்பதற்குப் பதில் ‘வளையல் நகரவில்லையா, மோதிரம் கழலவில்லையா’ என்று போட்டால் என்ன? அந்தத் தாளில் ஒரு படமும் இருக்கிறது. கர்ப்பிணி சேலை கட்டிச் சமதரையில் நிற்கிறாள். ஸ்வெட்டர் இல்லை.

இன்னொன்று. பிரஷர் ஏறியிருப்பதை உடம்பு சொல்லியே ஆக வேண்டும் என்று இல்லை. பலருக்கு ஒரு அறிகுறியும் இருக்காது. ஆகவே அறிகுறிகளை மனப்பாடம் செய்வதை விட, போகிற ஒவ்வொரு முறையும் “பிரஷர் பாத்தீங்களா, எவ்வளவு?” என்று கேட்டு அட்டையில் எழுத வைப்பது மேல் என்பது என் கட்சி. ஒவ்வொரு மாதமும் 9-ம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளை டாக்டரே பார்க்கிற நாள். அன்றைக்குக் கூட்டம் என்று தள்ளிப்போடுகிறவர்களிடம் நான் சண்டை பிடிக்கிறேன்.

1994-ல் செரீன் தடீயஸ், டெபோரா மெய்ன் என்ற இருவர் பிரசவ மரணங்களுக்குப் பின்னால் மூன்று தாமதங்கள் இருப்பதாக எழுதினார்கள்: போகலாம் என்று முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேருவதில் தாமதம், போன இடத்தில் சிகிச்சை கிடைப்பதில் தாமதம். மலையில் நாங்கள் எப்போதும் இரண்டாவதைப் பற்றியே பேசுவோம்: ரோடு, யானை, மண்சரிவு. எங்கள் வீட்டில் ஆம்புலன்ஸ் முக்கால் மணி நேரத்தில் வந்தது. முதல் தாமதத்துக்கு மூன்று நாள் ஆனது, அதுவும் மழை வந்ததால் முடிந்தது. தங்கச்சி “ஆஸ்பத்திரி போலாமா” என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்டிருக்கிறாள். மூட்டமா இருக்கு, சாப்பாடு எறங்கல, மூச்சு ஒரு மாதிரி இருக்கு. எங்கள் வீட்டில் பெண்கள் அப்படித்தான் கேட்பார்கள்.

இப்போது பிக்மி பதிவுக்கு வருகிற பெண்களிடம் வளவளவென்று பேசுகிறேன் என்று மையத்தில் புகார். இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு போடாதே என்பதுதான் நான் அதிகம் சொல்வது. ஒரு நாளைக்கு ஆறு டீ குடிக்கிற தேயிலைக் காட்டில் டீயே அந்த இரும்பை உடம்பில் சேரவிடாமல் தடுக்கிறது, பிறகு மேடு ஏறினால் மூச்சு வாங்குவதற்குக் கேட்பானேன். உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்கினால் மேட்டின் மேல் பழி போடாதே என்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள். ஒரு மாமியார், “நீ கம்ப்யூட்டர் புள்ளையா, நர்ஸா?” என்று கேட்டார்.

உடையாத வளையல்களை அம்மா ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறாள். பிரசவம் பார்த்தவருக்குக் கொடுப்பது முறை. நர்ஸம்மாவுக்குக் கொடுக்கப் போனாள். “எனக்கெதுக்கும்மா, புள்ள வெளையாடட்டும்” என்று அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். பிள்ளை இப்போது பாட்டிலைக் குலுக்கிக்கொண்டு வீடெல்லாம் ஓடுகிறது.

போன வாரம் தங்கச்சி வந்திருந்தாள். அதே ஜன்னல், அதே கட்டில். பிள்ளை கண்ணாடியில் மூச்சு விட்டு விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தது. திடீரென்று கேட்டாள்: “அன்னிக்கு நெசமாவே வெளிய மூட்டம் இருந்துச்சாக்கா?”

“தெரியலடி. நான் பாக்கல.”

“நான் கண்ணக் கசக்கிக் கசக்கிப் பாத்தேன்” என்றாள். “எதுத்த மேட்டு சில்வர் ஓக் தெரியல. கிட்டத்துல, நம்ம வேலிக் கம்பியும் தெரியல. அப்பறம் ஒன்னப் பாத்தேன். நீ வெங்காயம் உரிச்சிட்டிருந்த. நீயும் சரியாத் தெரியல.”